மூழ்கிய பிறகு நிவாரணம் உண்டு... மூழ்காமல் இருக்கச் சட்டம் உண்டா?

வரப்போரச் சட்டம் - வாசகர் கேள்வி பதில் பகுதி

''வக்கீலம்மாவுக்கு வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் கடல் பக்கமாக இருக்கும் கிராமம் எங்களுடையது. சொந்த நிலம் மூணே முக்கால் ஏக்கர். சம்பா ஒரு போகம்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்வதை நான் குறை சொல்லவில்லை. முன்பு பத்து நாளில் பெய்த மழை இப்போது ஒரே ராத்திரியில் கொட்டுகிறது. வயல் தண்ணீர் வடிய எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு வடிகால் வாய்க்கால். அதில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடக்கின்றன. பயிர் ஒரு வாரம் தண்ணீருக்குள் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கணக்கெடுக்க வருகிறார்கள். சில வருடம் பணம் வருகிறது, சில வருடம் வருவதில்லை. பெரிய ஆற்றங்கரையில் 'பருவநிலை மாற்றத் தழுவல்' என்று போர்டு வைத்திருந்தார்கள். சினிமாக் கதையைத்தான் தழுவி எடுப்பார்கள், ஆற்றை எப்படித் தழுவுவார்கள் என்று என் பேரனிடம் கேட்டேன். இதற்காக உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒப்பந்தமே போட்டிருக்கின்றன என்கிறான். என் கேள்வி ஒன்றுதான். பயிர் மூழ்கிய பிறகு பணம் கேட்க வழி இருக்கிறது. மூழ்காமல் பார்த்துக்கொள் என்று கேட்கச் சட்டம் இருக்கிறதா?''

பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டு ஒரு பெரியவர் எழுதிய கடிதம் இது. இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி பட்டா, பாகப்பிரிவினை பற்றியவை. இப்படி ஒரு கேள்வி வந்து ரொம்ப நாளாயிற்று. அதனால் இந்த இதழில் பெரும்பகுதியை இவருக்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, 'தழுவல்' என்று போர்டில் இருந்ததை இப்போது 'தகவமைப்பு' என்றும் எழுதுகிறார்கள். புகையைக் குறைத்து உலகம் சூடாவதைத் தடுப்பது ஒரு வேலை. ஏற்கெனவே மாறிவிட்ட மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப நம் வாய்க்காலையும், கரையையும், விதையையும் மாற்றிக்கொள்வது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலைக்குத்தான் அந்தப் பெயர். நீங்கள் பார்த்த போர்டு, ஆசிய வளர்ச்சி வங்கியிடம் 10 கோடி டாலர் கடன் வாங்கி, வெண்ணாறு உபவடிநிலத்தில் செய்த திட்டத்தினுடையதாக இருக்கும். அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் ஆகியவை அதில் வருகின்றன. உங்கள் வடிகால் இதில் ஏதோ ஒன்றில்தான் போய்ச் சேரும். பெரிய ஆற்றின் கரையை உயர்த்திவிட்டு, அதில் வந்து சேரும் சின்ன வாய்க்காலை அப்படியே விட்டால் வயல் தண்ணீர் எப்படி வடியும் என்ற கேள்விக்கு, என்னைவிட நீங்கள் நன்றாகப் பதில் சொல்வீர்கள்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட சட்டம் இருக்கிறது. ஆனால், 'காலநிலைச் சட்டம்' என்று அட்டை போட்ட ஒரே புத்தகமாக நம் நாட்டில் இல்லை. நாலைந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது. எதைப் பிடித்து இழுத்தால் வரும், எதை இழுத்தால் அறுந்துபோகும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் பேரன் சொன்ன உலக ஒப்பந்தம் உண்மைதான். 1992-ல் ஐ.நா. காலநிலை மாற்ற உடன்படிக்கை உருவானது. இந்தியா அடுத்த ஆண்டே அதை ஏற்றது. பாதிப்புக்கு அதிகம் உள்ளாகும் வளரும் நாடுகள் தகவமைத்துக்கொள்ள ஆகும் செலவுக்குப் பணக்கார நாடுகள் உதவ வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பிறகு 2015-ல் பாரிஸ் ஒப்பந்தம். 2016 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று இந்தியா அதை ஏற்றது. அதன் 7-வது பிரிவு முழுக்க முழுக்கத் தகவமைப்பு பற்றியது. ஒவ்வொரு நாடும் அதற்குத் திட்டம் போட வேண்டும், நிறைவேற்ற வேண்டும் என்கிறது. திட்டம் போடும்போது உள்ளூர் மக்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், விஞ்ஞானத்தோடு உள்ளூர் அறிவையும் பரம்பரை அறிவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றுகூட இருக்கிறது. உங்கள் ஊரில் தண்ணீர் எந்த மூலையில் முதலில் தேங்கும் என்பதைக் கடைமடைக்காரரிடம் கேட்காமல் வரைபடம் போட்டால், அது பாரிஸ் ஒப்பந்தத்துக்கே பொருந்தாது என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் 'செய்ய வேண்டும்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே 'பொருத்தமான அளவில்' என்று ஒரு சொல்லையும் போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தச் சொல்லின் ருசி தெரியும். கதவு வைத்துவிட்டுத் தாழ்ப்பாள் போடாமல் விடுவது மாதிரி. 8-வது பிரிவு இழப்பும் சேதமும் பற்றிப் பேசுகிறது. அதே மாநாட்டில், இந்தப் பிரிவை வைத்து யாரும் நஷ்டஈடு கேட்க முடியாது என்று தனியாக ஒரு முடிவையும் எழுதிக்கொண்டார்கள். 2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம் கொஞ்சம் அழுத்தமாகப் பேசியது. காலநிலை விஷயத்தில் நாடுகளுக்கு இருப்பது சட்டக் கடமை, அதைத் தவறினால் இழப்பீடு தர வேண்டிய பொறுப்புகூட வரலாம் என்றது. பசிபிக் தீவுகளைச் சேர்ந்த சட்ட மாணவர்கள் தொடங்கி, வனுவாட்டு என்ற சின்னஞ்சிறு நாடு எடுத்துப் போன விஷயம் அது. இருந்தாலும் அது ஆலோசனைக் கருத்துதான், கட்டளை அல்ல.

ஆக, பாரிஸ் ஒப்பந்தத்தின் நகலை எடுத்துக்கொண்டு நீங்கள் தாலுகா ஆபீஸுக்குப் போனால் ஒன்றும் நடக்காது. அது நாடுகளுக்கு இடையிலான வாக்குறுதி. அதனால் பயனே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். தகவமைப்பு தொடர்பான செலவு 2021-22-ல் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 5.6 சதவிகிதம் என்று மத்திய அரசே ஐ.நா.வுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. உலகத்தின் முன்னால் இவ்வளவு பெரிய கணக்கைச் சொன்ன அரசிடம், அதில் எங்கள் வடிகாலுக்கு எவ்வளவு என்று கேட்பதில் தவறில்லை.

நம் உச்ச நீதிமன்றத்திலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. ராஜஸ்தான், குஜராத்தில் கானமயில் என்ற பறவை மின்கம்பிகளில் மோதிச் சாகிறது என்று ஒரு வழக்கு. எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கு என்பார்கள். 2024 மார்ச் 21 அன்று அதில் தந்த தீர்ப்பில், காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து பாதுகாக்கப்படும் உரிமை மக்களுக்கு உண்டு, அது அரசியலமைப்பின் 14, 21-வது பிரிவுகளுக்குள்ளேயே இருக்கிறது என்று சொன்னார்கள். தனிச்சட்டம் இல்லை என்பதற்காக உரிமையே இல்லை என்று ஆகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உணவுக்கும் தண்ணீருக்கும் தட்டுப்பாடு வந்தால் ஏழைகளுக்கே அதிக அடி விழும் என்றும் நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். ஒரு பறவைக்காகப் போட்ட வழக்கில் விவசாயிக்கு உரிமை பிறந்திருக்கிறது.

அப்படியானால் நேராக ஐகோர்ட்டுக்குப் போய்விடலாமா? இங்கேதான் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், ஐந்து கிராமத்து விவசாயிகளுக்காக ஒரு ரிட் மனு எழுதினேன். பருவமழை மாறிவிட்டது, கடல்நீர் உள்ளே வருகிறது, அரசு எங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று நாற்பது பக்கம். நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, ''எந்த அதிகாரி, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் உள்ள எந்த வேலையைச் செய்யவில்லை? அவரிடம் நீங்கள் எப்போது மனு கொடுத்தீர்கள்?'' என்றார். என்னிடம் பதில் இல்லை. மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, என்னோடு பஸ்ஸில் வந்த விவசாயிகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இத்தனைக்கும் அவர்கள் சொன்னது எல்லாமே உண்மை. உண்மையைக் கடமையோடு முடிச்சுப் போடத் தெரியாதது என் தப்பு.

அந்த முடிச்சை எப்படிப் போடுவது என்று பக்கத்து நாட்டு விவசாயி ஒருவர் காட்டியிருக்கிறார். பாகிஸ்தானின் தெற்குப் பஞ்சாபில் கரும்பு விவசாயம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர் அஸ்கர் லெகாரி. 2015-ல் லாகூர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நஷ்டஈடு கேட்கவில்லை. புதுச் சட்டம் போடு என்றும் கேட்கவில்லை. ''2012-ல் நீங்களே ஒரு காலநிலைக் கொள்கை எழுதினீர்கள். அதை நிறைவேற்ற நீங்களே ஒரு செயல்திட்டமும் போட்டீர்கள். அதில் எதைச் செய்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்'' என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். அரசால் சொல்ல முடியவில்லை. எழுதி வைத்த திட்டத்தை நிறைவேற்றாமல் தாமதமும் மந்தமுமாக இருப்பதே மக்களின் அடிப்படை உரிமையை மீறுவதுதான் என்று நீதிபதி சையத் மன்சூர் அலி ஷா உத்தரவிட்டார். ஒவ்வொரு துறையும் இதற்குப் பொறுப்பான ஒரு ஆளை நியமிக்க வேண்டும், அந்த ஆண்டு முடிவதற்குள் செய்யக்கூடிய வேலைகளைப் பட்டியல் போட்டுத் தர வேண்டும் என்றார். மேற்பார்வைக்கு நிபுணர் குழு ஒன்றையும் போட்டார். 2018-ல் வழக்கை முடித்தபோது, முன்னுரிமை வேலைகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு முடிந்திருந்ததாகக் கணக்குக் காட்டினார்கள். 2022 வெள்ளத்தில் அதே நாட்டில் 1,700 பேருக்கு மேல் செத்துப்போனார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு தீர்ப்பு தண்ணீரை நிறுத்திவிடாது. ஆனால், கேட்ட முறையைப் பாருங்கள். அவர்களே எழுதிய காகிதத்தை அவர்கள் முன்னாலேயே விரித்து வைத்தார்.

நம் ஊரில் அப்படி விரித்து வைக்க ஒரு காகிதம் இருக்கிறது. அதுதான் மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டம்.

2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் என்றதும் நிவாரணம்தான் நம் நினைவுக்கு வரும். புரட்டிப் பார்த்தால் 'தணிப்பு' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. பேரிடரின் அபாயத்தையும் பாதிப்பையும் முன்கூட்டியே குறைக்கச் செய்யும் வேலை என்று அதற்குச் சட்டமே பொருள் சொல்கிறது. காலநிலை மாநாடுகளில் 'தகவமைப்பு' என்று பேசுகிறார்களே, வெள்ளம், வறட்சி, புயல் விஷயத்தில் அதுவும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெயர்தான் வேறு. அதனால்தான் சட்டமே இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் ஒரு ஆணையம் உண்டு. மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிப் பிரதிநிதி அதன் இணைத் தலைவர். 31-வது பிரிவின்படி மாவட்டத் திட்டம் ஒன்று எழுதப்பட வேண்டும். எந்தெந்தப் பகுதிகள் எளிதில் பாதிக்கப்படும், அங்கே தடுப்புக்கும் தணிப்புக்கும் எந்தத் துறை என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் அதைச் சரிபார்த்துப் புதுப்பிக்க வேண்டும். 'பொருத்தமான அளவில்' என்ற தாழ்ப்பாள் இல்லாத கதவெல்லாம் இங்கே இல்லை. நேரடிக் கடமை. பல மாவட்டங்கள் இந்தத் திட்டத்தை இணையதளத்தில் போட்டிருக்கின்றன. நான் பார்த்த சிலவற்றில் தொலைபேசி எண்களும் நிவாரண முகாம்களின் பட்டியலும்தான் நிறைய. 'தணிப்பு' என்ற அத்தியாயம் மட்டும் மெலிந்து கிடக்கிறது.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். நிவாரணத்துக்குத் தனி நிதி, தணிப்புக்குத் தனி நிதி என்று அதே சட்டம் பிரித்து வைத்திருக்கிறது. நிவாரண நிதிகள் 2010-ல் வந்தன. தணிப்பு நிதியைத்தான் இழுத்தடித்தார்கள். 2016 மே மாதம் ஸ்வராஜ் அபியான் என்ற அமைப்பு தொடுத்த வறட்சி வழக்கில், தேசியத் தணிப்பு நிதியை மூன்று மாதத்தில் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நிதி அமைந்தது 2021 பிப்ரவரியில். சட்டம் 2005, உத்தரவு 2016, நிதி 2021. இந்த மூன்று வருடங்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது 'அரசு வேகமாகச் செயல்படுகிறது' என்று பேசினால் எடுத்துக் காட்டலாம்.

15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு, மாநிலப் பேரிடர் நிதியில் 80 சதவிகிதம் நிவாரணத்துக்கு, 20 சதவிகிதம் தணிப்புக்கு என்று பிரித்தது. உங்கள் மூணே முக்கால் ஏக்கரை வைத்துப் பார்ப்போம். 33 சதவிகிதமோ அதற்கு மேலோ பயிர் போனால், 2022-26 விதிமுறைப்படி பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500 ரூபாய், இரண்டு ஹெக்டேர் வரை. உங்களுக்குச் சுமார் 25,800 ரூபாய் வரும். உழவு, நாற்று, நடவு, உரம் என்று நீங்கள் போட்டதற்கு அது எந்த மூலைக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் இருநூறு ஏக்கர் மூழ்கினால், மூழ்கும் ஒவ்வொரு தடவையும் சுமார் 13 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் நிவாரணம். அந்தப் பணத்தில் வடிகாலை எத்தனை தடவை தூர் வாரலாம் என்று உங்கள் ஊர் ஆட்களோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு, அந்தக் கணக்கையும் மனுவில் சேருங்கள். அதிகாரிகளுக்குப் புரியும் பாஷை அது.

டெல்டாவுக்கென்று 2020-ல் மாநில அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் போட்டதே என்று சிலர் கேட்கலாம். புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலை போன்றவை வராமல் தடுப்பதில் அது பயன்படும். வாய்க்காலைத் தூர் வாரு என்று கேட்க அதைப் பிடித்தால் அறுந்துபோகும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கலெக்டர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். இப்படி எழுதுங்கள்:

''பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 31-ன்படி தயாரிக்கப்பட்ட எங்கள் மாவட்டத் திட்டத்தில், எங்கள் ஊராட்சி தொடர்பான பக்கங்களின் நகல் தேவை. எங்கள் ஊராட்சி பாதிப்புக்குள்ளாகும் பகுதியாகக் குறிக்கப்பட்டுள்ளதா, எந்த வகையில் என்பதைக் காட்டும் பதிவின் நகல் தேவை. கடைசியாகத் திட்டம் புதுப்பிக்கப்பட்ட தேதி, எங்கள் வடிகால் வாய்க்காலுக்குத் தணிப்புப் பணி ஏதும் முன்மொழியப்பட்டிருந்தால் அந்தக் கோப்பின் நகல், கடந்த 5 ஆண்டுகளில் அதில் நடந்த தூர்வாரும் பணியின் மதிப்பீடு, செலவு விவரம் ஆகியவை தேவை.''

'ஏன் தூர் வாரவில்லை?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இருக்கிற பதிவைத்தான் இந்தச் சட்டத்தில் கேட்க முடியும். 'ஏன்' என்று ஆரம்பித்தால் அதையே காரணமாக வைத்து மனுவைத் தள்ளிவிடுவார்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

பதில் வந்ததும் இரண்டு இடங்களுக்குப் போங்கள். ஒன்று கிராம சபை. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கூடும் சபை இதற்குப் பொருத்தம். 'எங்கள் வடிகாலை மாவட்டத் திட்டத்தின் தணிப்புப் பணியில் சேர்க்க வேண்டும்' என்று வாய்க்கால் பெயர், நீளம், தண்ணீர் தேங்கும் சர்வே எண்கள் எல்லாம் போட்டுத் தீர்மானம். இரண்டாவது, மாதாமாதம் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். தீர்மான நகலோடு, சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு, கலெக்டருக்கு 'மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத் தலைவர்' என்ற முகவரியிட்டு மனு கொடுங்கள். 'மாவட்ட ஆட்சியர்' என்று மட்டும் போட்டால் அது இன்னொரு தூர்வாரும் மனுவாக நீர்வளத் துறைக்குப் போய், மேட்டூர் திறக்கிற நேரத்தில் பொக்லைன் வந்து, கரையோரம் மண்ணைப் போட்டுவிட்டுப் போய்விடும். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

நியாயமான அவகாசம் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால்தான் ஐகோர்ட். உங்கள் மாவட்டத்துக்குச் சென்னை. பக்கத்துத் தஞ்சாவூர்க்காரர்களுக்கு மதுரைக் கிளை. அப்போது, அன்றைக்கு என்னிடம் நீதிபதி கேட்ட கேள்விக்கு உங்கள் கையில் பதில் இருக்கும். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-வது பிரிவில், வெள்ளத்தாலும் வறட்சியாலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. வருமான வரம்பைக் காட்டி அவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படித்தான். இது நம் ஆட்களில் பலருக்குத் தெரிவதில்லை.

பயிர்க் காப்பீட்டையும் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். தனி வயலில் நெல் மூழ்குவதற்கு இழப்பீடு தரும் பிரிவை 2018-ல் எடுத்திருந்தார்கள். 2026 காரிப் பருவத்திலிருந்து அது திரும்பவும் சேர்க்கப்படும் என்று 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. காட்டுப்பன்றி மாதிரி விலங்குகளால் வரும் சேதத்துக்கும் அப்போதிலிருந்துதான். எந்தெந்த விலங்கு என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். இரண்டுக்கும் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். 14447 என்ற எண்ணில் சொல்லலாம். தண்ணீருக்குள் நிற்கும் வயலைத் தேதி, இடம் பதிவாகும்படி செல்போனில் படம் எடுத்துவிடுங்கள்.

''நான் சட்டக் கல்லூரி முதலாம் ஆண்டு மாணவி. அப்பா விவசாயி. புகையை விட்டது வெளிநாட்டுக் கம்பெனிகள். அவர்கள்மேலேயே விவசாயி வழக்குப் போட முடியாதா?'' - நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி.

போட்டுப் பார்த்த ஒரு விவசாயி இருக்கிறார், மகளே. தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் மலையூரான ஹுவாராஸைச் சேர்ந்த சவுல் லூசியானோ லியூயா. ஊருக்கு மேலே ஒரு பனி ஏரி. பனி உருகி ஏரி நிறைந்துகொண்டே போகிறது. உடைந்தால் அவர் வீட்டுக்கு ஆபத்து. 2015-ல் ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.இ. என்ற மின்சாரக் கம்பெனிமேல் ஜெர்மனியிலேயே வழக்குப் போட்டார். உலகத் தொழிற்சாலைப் புகையில் அந்தக் கம்பெனியின் பங்கு 0.47 சதவிகிதம், ஆகவே ஏரியைக் காக்கும் செலவில் அதே 0.47 சதவிகிதத்தைக் கொடு என்றார். சுமார் 17,000 யூரோதான். கீழ்க்கோர்ட் தள்ளுபடி செய்தது. ஹாம் நகர மேல்கோர்ட் விசாரணைக்கு எடுத்தது. நீதிபதிகள் பெருவுக்கே போய் ஏரியைப் பார்த்தார்கள். 2025 மே 28 அன்று தீர்ப்பு. அவர் வீட்டுக்கு உடனடி ஆபத்து போதுமான அளவுக்கு நிரூபிக்கப்படவில்லை என்று வழக்கு தோற்றது. ஆனால், இப்படிப் புகைவிடும் பெரிய கம்பெனிகளை அந்நாட்டுச் சட்டப்படி பொறுப்பாக்க முடியும் என்ற கொள்கையைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. பத்து வருடம், கடல் தாண்டி, நிபுணர் அறிக்கைகளோடு நடந்த வழக்கு அது. இன்றைக்கு உன் அப்பாவை அந்த வழியில் போகச் சொல்ல மாட்டேன். நீ படித்து முடிக்கும்போது நிலைமை மாறியிருக்கலாம். அந்தத் தீர்ப்பை இப்போதே தேடிப் படி.

''ஆறு மா நிலம் குத்தகைக்குச் செய்கிறேன். வாய்ப்பேச்சுக் குத்தகைதான், எழுத்து இல்லை. வெள்ள நிவாரணம் நிலத்துக்காரர் கணக்கில் ஏறிவிட்டது. கேட்டால், 'நிலம் என் பேரில்தானே இருக்கிறது' என்கிறார். என் பேரைச் சேர்க்க என்ன வழி?'' - மயிலாடுதுறை மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி.

அம்மா, பயிர்ச் சேத நிவாரணம் சாகுபடி செய்தவருக்கு உரியது, நிலத்தின் விலைக்கு உரியது அல்ல. ஆனால் சாகுபடி செய்தது நீங்கள்தான் என்று அரசுக் கணக்கு சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு அடங்கல். சம்பா நட்டு முடிந்ததும், அதாவது வெள்ளம் வருவதற்கு முன்பே, வி.ஏ.ஓ.விடம் போய் அடங்கலில் சாகுபடிதாரராக உங்கள் பெயரைப் பதியச் சொல்லி எழுத்தில் மனு கொடுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

நிரந்தர வழி, 1969-ம் ஆண்டின் தமிழ்நாடு வேளாண் நிலங்கள் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம். அதன்படி குத்தகைதாரராக உங்களைப் பதிவு செய்யக் கேட்கலாம். எந்த அலுவலரிடம் மனு தர வேண்டும் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்வார்கள். நிலத்துக்காரரை அழைத்து விசாரிப்பார்கள், அவர் மறுப்பார். எழுத்து இல்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். உர மூட்டை வாங்கிய ரசீது, விதை வாங்கிய சீட்டு, கொள்முதல் நிலையத்தில் உங்கள் பெயரில் நெல் போட்ட ரசீது, குத்தகை நெல் அளந்ததைப் பார்த்த பக்கத்து வயல்காரர் சாட்சி, எல்லாம் கணக்கில் வரும். பயிர்க் காப்பீட்டிலும் குத்தகைதாரர் தன் பெயரிலேயே சேரலாம். இந்தப் பருவத்துக் காகிதங்களை ஒரு பையில் போட்டுச் சேர்க்க ஆரம்பியுங்கள். பதிவு மனுவோடு, ஏற்கெனவே தவறான கணக்குக்குப் போன நிவாரணத்தைப் பற்றிக் கலெக்டருக்குத் தனியாக ஒரு மனு எழுதுங்கள். இரண்டையும் ஒரே மனுவில் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு இன்னொன்றை மறந்துவிடுவார்கள்.